செத்த நம்பருக்குப் பச்சைக் கலர்

புதுசா வேலைக்கு வந்திருக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கு உங்க அனுபவத்த எழுதிக் குடுங்கக்கா, இனிமையான விஷயமா இருக்கட்டும்னு ஆபீஸ்லேருந்து கேட்டாங்க. இனிமை வேணும்னா தம்பின் டவுன் பாசார்ல, அதான் சந்தையில, ஜிலேபி விக்கிறான், வாங்கித் தின்னுங்க. நான் பாத்தது கடல் தண்ணி மட்டம் பாக்குற வேலை. அதுல இனிப்பு ஒண்ணும் கெடையாது.

எழுதவே வேணாம்னுதான் இருந்தேன். ரிட்டையர் ஆனவங்க புத்தி சொன்னா நீங்க எப்படிக் கேப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா? தலைய ஆட்டிக்கிட்டே மேசைக்கு அடியில போன் பாப்பீங்க. ஆனா போன வாரம் ரெம்பாவ் பாசார்ல கங்கோங் கீரை பொறுக்கிக்கிட்டு இருந்தப்போ எனக்கு ஒரு போன் வந்துச்சு. அதுக்கப்புறம் சும்மா இருக்க முடியல. யாரு பண்ணாங்க, எதுக்குப் பண்ணாங்கன்னு கடைசியில சொல்றேன். இப்பவே சொன்னா உங்களத் திட்டிட்டு எழுந்து போயிருவேன்.

மொதல்ல எடத்தத் தெரிஞ்சுக்குங்க. உங்கள்ல பாதிப் பேரு சிரம்பான்ல ஏர்கோன் ரூம்ல உக்காந்து, நான் வேல பாத்த தோட்டத்த ஸ்கிரீன்லதான் பாத்திருக்கீங்க. லிங்கி ஆறு கடல்ல சேர்ற பக்கம் அது. செம்பனை போட்ட நெலம், ஆனா ரொம்பத் தாழ்வு. அதனால கடலோரமா கரை கட்டி, பெரிய கால்வாய் வெட்டி, கால்வாய் வாயில ஒரு இரும்புக் கேட்டு வச்சிருக்கு. கடல் எறங்குனா கேட்டத் தொறந்து மழைத் தண்ணிய வெளிய விடணும். கடல் ஏறுனா மூடணும். கேக்க லேசா இருக்கும். மழை பேஞ்ச நேரத்துல சீக்கிரம் மூடிட்டா உள்ள இருக்கிற தண்ணி போக வழியில்லாம மரத்தடியில தேங்கிரும். மூடாம விட்டா கடலே உள்ள வந்துரும்.

கால்வாய ஒட்டி ஒரு மண் ரோடு போகுது. கடல் பக்கம் இருக்கிற பழைய லயத்து வீட்டு சனங்க வெளிய வர்றதுக்கு அந்த ஒரு ரோடுதான். கேட்டுக்குப் பக்கத்துல அது பள்ளம். கடல் உள்ள வந்தா மொதல்ல முங்குறது அந்தப் பள்ளந்தான்.

அந்த லயத்துல ரத்னம்னு ஒருத்தர் இருக்காரு. தோட்டத்துல டிராக்டர் ஓட்டுனவரு. இனிப்பு நீர் வியாதியில கிட்னி போயிருச்சு. வாரத்துக்கு மூணு தடவ வேன் வந்து டவுன்ல இருக்கிற டயாலிசிஸ் சென்டருக்குக் கூட்டிட்டுப் போகும். அவர் சம்சாரம் புஷ்பம் நர்சரியில கன்னுக்குத் தண்ணி விடுறவ. அப்போ நான் தோட்டத்து ஆபீஸ்லதான் இருந்தேன், மத்தியானச் சோறு ரெண்டு பேரும் ஒண்ணாதான் தின்போம். மனுஷன் ஒரு முறை தவறவிட்டா கால் வீங்கும், ரெண்டு முறை தவறவிட்டா மூச்சே விட முடியாதுன்னு அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சரி, இப்போ நம்ம புரோகிராமுக்கு வர்றேன். கடலோரமா அங்கங்க கம்பம் நட்டு, தண்ணி மட்டத்த அளக்குற கருவிய அதுல மாட்டியிருக்காங்க. கம்பம் அளந்தத ஒரு சர்வருக்கு அனுப்பும். நம்ம புரோகிராம் அப்பப்போ அந்த சர்வர்கிட்ட போயி, இப்போ எவ்வளவுன்னு கேட்டு வாங்கிட்டு வந்து ஸ்கிரீன்ல காட்டும். அத எழுதினது நான். கோலா சாவாவுல பொறந்து, கிராணியா, அதான் கிளார்க்கா, வேலைக்குச் சேந்து, அப்புறமா கம்ப்யூட்டர் படிச்சு எழுதினேன். மத்த எல்லாத்துலயும் விட்டுக் குடுத்தேன், ஒரு விஷயத்துல மட்டும் பிடிவாதமா இருந்தேன். கம்பத்துலேருந்து புது அளவு வரலன்னா, ஸ்கிரீன்ல நம்பர் இருக்கிற கட்டம் காலியா இருக்கணும். ஒண்ணும் தெரியலன்னா ஒண்ணும் காட்டக்கூடாது.

இந்தக் காலிக் கட்டத்துக்கு எத்தன எதிரி தெரியுமா? படிச்சவனுக்குத்தான் மொதல்ல ஆகாது. உங்களுக்கு முன்னால வந்த ஒரு பட்டதாரி, கட்டம் காலியானா அது சர்வர்காரங்க தப்புன்னே நெனச்சாரு. சர்வர் அனுப்புற நேரம் உலகப் பொது நேரம், நம்ம கடிகாரத்துக்கு எட்டு மணி நேரம் பின்னால இருக்கும். அதக்கூட படிக்காம, உங்க தகவல் எட்டு மணி நேரம் லேட்டா வருதுன்னு சர்வர்காரங்களுக்கு இங்கிலீஷ்ல நீளமா ஒரு கண்டனம் எழுதி, எங்க எல்லாருக்கும் காப்பி வேற போட்டாரு. உங்க ஊர் எங்க இருக்குன்னு ஒரு தடவ மேப்ல பாருங்கன்னு அங்கேருந்து ஒரே வரியில பதில் வந்துச்சு. அவரு இப்போ பெரிய எடத்துல இருக்காரு, நல்லா இருக்கட்டும்.

ரெண்டாவது எதிரி மேனேஜர். நம்ம ஆளுதான், ஈப்போக்காரரு. கெட்ட மனுஷன்னு சொல்லமாட்டேன். ஆனா ஹெட்குவாட்டர்ஸ்லேருந்து யாராச்சும் வர்றாங்கன்னா மொத நாளே அவருக்குத் தூக்கம் போயிரும். மீட்டிங் ரூம் சுவத்துல பெருசா ஒரு ஸ்கிரீன் வாங்கி மாட்டினாரு. ஒரு நாள் கம்பம் பேசல, கட்டம் காலியா நின்னுச்சு. என்னைக் கூப்பிட்டு விட்டாரு.

"என்னக்கா இது, பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு. ஹெட்குவாட்டர்ஸ் ஆளுங்க பாத்தா நாம வேலையே செய்யலன்னு நெனப்பாங்கலா."

"கம்பத்துலேருந்து ஒண்ணும் வரல சார். வராதப்போ நான் எதப் போடறது?"

"கடைசியா வந்த நம்பரப் போடுங்க. அதுக்குள்ள கடல் என்ன ஆயிரப் போகுது?"

"ஏறும், எறங்கும் சார். அது தெரியத்தானே இத வச்சிருக்கோம்."

அவரு சிரிச்சாரு. நான் மாட்டேன்னு சொல்லிட்டேன். மறு வாரமே வெளியிலேருந்து ஒரு கான்ட்ரக்டர வர வச்சாரு. அந்தப் புள்ள என் புரோகிராம்ல கைய வச்சு, புது அளவு வரலன்னா பழைய நம்பரையே திரும்பக் காட்டுற மாதிரி மாத்திட்டுப் போயிருச்சு. நம்பருக்குப் பச்சைக் கலரு வேற. அதோட போச்சா? பக்கத்துல ஒரு நேரம் ஓடும். அது கடல அளந்த நேரம் இல்ல, நம்ம புரோகிராம் போயிக் கேட்ட நேரம். முந்தாநாள் மீனுக்கு இன்னிக்குத் தேதி போட்டு பில்லு குடுக்குற கதைதான். எல்லாரும் வந்து பாத்து, அடடா, எவ்வளவு அழகா இருக்குன்னாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

மூணாவதா ஒரு வியாதி இருந்துச்சு, அது எங்க தோட்டத்துக்கே சொந்தமானது. கட்டை விரல் வியாதின்னு நான் பேரு வச்சிருந்தேன். வாட்சாப் குரூப்ல யாரு என்ன சொன்னாலும், மேனேஜர் அதுக்குக் கட்டை விரல் படம் போடுற வரைக்கும் ஒருத்தரும் அசையமாட்டாங்க. மரம் விழுந்து ரோட்ட அடைச்சிருந்தாலும் கட்டை விரலுக்குத்தான் காத்திருப்பாங்க. இதுக்குக் காரணம் இல்லாம இல்ல. கேட்டப் பாத்துக்கிட்டு இருந்த பழைய மண்டோர், அதான் மேஸ்திரி ஒருத்தரு, மழையில தானா முடிவு பண்ணி கேட்ட மூடுனாரு. மரத்தடியில தண்ணி நின்னுச்சு. யாரக் கேட்டு மூடுனன்னு கேட்டு, அவர தம்பின் பக்கம் ஒரு தோட்டத்துக்குத் தூக்கிப் போட்டாங்க. புள்ளைங்க பள்ளிக்கூடமெல்லாம் பாதியில நின்னுச்சு. அதப் பாத்தவங்க எவனாச்சும் அப்புறம் சொந்தமா கைய நீட்டுவானா?

மேனேஜரோட பச்சை நம்பரும் இந்தக் கட்டை விரலும் ஒண்ணா சேந்த நாளைத்தான் சொல்ல வந்தேன்.

பௌர்ணமியை ஒட்டின பெரிய கடல் ஏத்தம். முந்தின நாள் பூரா மழை. கால்வாய் நெறைஞ்சு ஓடுது, தண்ணிய வெளிய விடக் கேட்ட தொறந்து வச்சிருந்தாங்க. அன்னிக்குன்னு பாத்து ஹெட்குவாட்டர்ஸ்லேருந்து பெரியவங்க வந்திருந்தாங்க. மீட்டிங் ரூம்ல கறிபஃப், டீ, மேனேஜர் கையில ஸ்கிரீனக் காட்ட ஒரு கோலு. அந்த நேரத்துல புஷ்பம் போன் பண்ணா.

"அக்கா, வேன்காரன் கேக்குறான், ரோடு காஞ்சிருந்தாதான் உள்ள வருவானாம். இல்லன்னா பெரிய ரோட்டோட திரும்பிருவானாம். தண்ணி எப்படிக்கா?"

"ரத்னம் எப்படி இருக்காரு?"

"போன முறையே வேன் பழுதாயி போகலக்கா. நேத்துலேருந்து படுக்க முடியல, உக்காந்தேதான் இருக்காரு. மூச்சு வாங்குது. இன்னிக்கும் போகலன்னா..."

ஸ்கிரீனப் பாத்தேன். பச்சை. அளவு ரொம்பக் கம்மி, கவலையே வேணாம்னு காட்டுது. ஆனா காலையில நான் வந்து உக்காந்தப்போவும் அதே நம்பர்தான். டீ குடிச்சப்போவும் அதேதான், புள்ளிக்குப் பின்னால இருக்கிற எண்ணு கூட மாறல. கடல் அப்படிக் கட்டிப் போட்ட மாடு மாதிரி ஒரே எடத்துல நிக்குமா? பூசணிக்கா அளவுக்கு எழுதி மாட்டி வச்சிருக்கு, அத்தன பேரு அதச் சுத்தி நின்னு கறிபஃப் திங்கிறாங்க, ஒருத்தருக்கும் இது உறுத்தல.

ஸ்கிரீன விட்டுட்டு, சர்வர் அனுப்புற பதில நேரா தொறந்து பாத்தேன். நான் நெனச்சதுதான். கம்பம் விடியறதுக்கு முன்னாலயே வாய மூடிருச்சு. மழையில என்ன ஆச்சோ. உடனே அதே புரோகிராம்ல, கடலோரமா மலாக்கா பக்கம் இருக்கிற அடுத்த கம்பத்தக் கேட்டேன். அது உயிரோட இருந்துச்சு. அங்க தண்ணி முந்தின நாள் இதே நேரத்துக்கு இருந்தத விட மேல, இன்னும் ஏறிக்கிட்டே இருக்கு. அங்க ஏறுது, இங்க மட்டும் எறங்கிக் கெடக்குமா?

இங்கதான் நீங்க யோசிக்கணும். அடுத்த கம்பம் நம்ம கேட்டு இல்ல. நான் மூடச் சொல்லி, கடல் நம்ம பக்கம் அவ்வளவு ஏறலன்னா, மழைத் தண்ணி மரத்தடியில தேங்கும். என்னைத் திட்டுவாங்க. மரம் ஒண்ணும் ஒரு நாள்ல சாகாது, நானும் திட்டு வாங்கிச் சாகமாட்டேன். மூடாம விட்டு, கடல் ஏறிட்டா? பள்ளம் முங்கும், வேன் திரும்பிரும், ரத்னம் உக்காந்த எடத்துலயே மூச்சுக்குத் தவிப்பாரு. ரெண்டு தப்பும் ஒரே எடையா? இத யோசிக்க டிகிரி வேணுமா?

கேட்டுல இருந்த மண்டோர் சேகருக்குப் போன் போட்டேன்.

"சேகர், கம்பம் செத்துப் போச்சு. ஸ்கிரீன்ல இருக்கிறது விடியக்காலத்து நம்பரு. கேட்ட மூடு."

"இங்கயும் தண்ணி உள்ள திரும்புற மாதிரிதான்க்கா இருக்கு. கண்ணால பாக்குறேன்."

"அப்புறம் ஏன்டா நின்னு வேடிக்க பாக்குற?"

"குரூப்ல பாஸ் இன்னும் ஒண்ணும் போடலயேக்கா. அந்த மண்டோருக்கு ஆன கதி தெரியும்ல. கட்டை விரல் வரட்டும், அடுத்த நிமிஷம் மூடிருவேன். சாமி சத்தியமா."

பாருங்க லட்சணத்த. கடல் காலடியில ஏறி வருது, அவன் போனப் பாத்துக்கிட்டு நிக்கிறான். அவனத் திட்டி என்ன பண்றது, அவனுக்கும் பள்ளிக்கூடம் போற புள்ளைங்க இருக்கு.

மீட்டிங் ரூமுக்கு ஓடினேன். மேனேஜர் காதுகிட்ட போயி, "சார், அந்த நம்பர் உண்மையில்ல. கேட்ட மூடணும்"னேன்.

அவரு சிரிச்ச முகம் மாறாம, பல்லக் கடிச்சுக்கிட்டு, "அப்புறம்லா அக்கா. பச்சையாதானே இருக்கு. ஆளுங்க இருக்காங்கல்ல"ன்னாரு.

"சார், ரத்னத்துக்கு வேன்..."

"அப்புறம்னு சொல்றேன்ல."

என் மேசைக்குத் திரும்பி வந்தேன். கான்ட்ரக்டர் மாத்தி வச்ச வரியத் தேடி எடுத்து, அது இருந்த எடத்துல என் பழைய வரியப் போட்டேன். புரோகிராம நிறுத்தி மறுபடி ஓட விட்டேன். அவ்வளவுதான். மீட்டிங் ரூம்ல பேச்சு சத்தம் பட்டுன்னு அடங்குச்சு. எட்டிப் பாத்தா, அத்தன பெரிய ஸ்கிரீன்ல நட்ட நடுவுல காலிக் கட்டம். மேனேஜர் கையில கோலு அந்தரத்துல நிக்குது.

வந்தவங்கள்ல மூத்தவரு இங்கிலீஷ்ல கேட்டாரு, "நம்பர் எங்க போச்சு?"

நான் வாசல்ல நின்னே சொன்னேன். "கடல்லேருந்து விடியக்காலம் முதல் தகவல் வரல சார்."

"அப்போ இவ்வளவு நேரம் நாங்க பாத்தது?"

"விடியக்காலத்துல வந்த நம்பர் சார்."

அவரு மேனேஜர் பக்கம் திரும்புனாரு. "தகவல் வரலன்னா இங்க என்ன பண்ணுவீங்க?"

அலாமாக்! அந்த முகத்த நீங்க பாத்திருக்கணும். பச்சை, மஞ்ச, சிவப்பு, எல்லாக் கலரும் வந்து போச்சு. அப்புறம் நெஞ்ச நிமித்திக்கிட்டுச் சொன்னாரு, "எங்க நடைமுறை ரொம்பக் கண்டிப்பு சார். தகவல் வரலன்னா உடனே கேட்ட மூடிருவோம். இதோ, இப்போ பாருங்க." போன எடுத்தாரு, கட்டை விரலப் போட்டாரு.

அப்படி ஒரு நடைமுறை எங்க தோட்டத்துல அதுக்கு முன்னால இருந்ததே இல்ல. அந்த நிமிஷத்துல, அந்த எடத்துல, மானம் போயிருமேன்னு அவரா கட்டினது. அவரு சர்வீஸ்ல செஞ்ச உருப்படியான காரியம் அது ஒண்ணுதான்.

சேகரும் ஆளுங்களும் கேட்ட எறக்குனாங்க. ஆனா அதுக்குள்ள பள்ளத்துல தண்ணி ஏறிருச்சு. வேன்காரன் பெரிய ரோட்டோட நின்னுட்டான், உள்ள வரமாட்டேன்னுட்டான். அப்போ சேகர் பண்ணத மட்டும் நான் மறக்கமாட்டேன். யாரையும் கேக்கல, குரூப்ல போடல. பழக்குலை ஏத்துற டிராக்டர் டிரெய்லர எடுத்துக்கிட்டு நேரா லயத்துக்குப் போனான். பிளாஸ்டிக் நாற்காலியில ரத்னத்த உக்கார வச்சு, நாற்காலியோட தூக்கி டிரெய்லர்ல வச்சாங்க. புஷ்பம் ஒரு கையில குடை, ஒரு கையில நாற்காலிய இறுக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னா. தண்ணிக்குள்ள மெதுவா ஓட்டிக்கிட்டுப் போயி வேன்ல ஏத்திவிட்டான். கேட்டு மூடினதால தண்ணி அதுக்கு மேல ஏறல. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா டிராக்டரும் போயிருக்காது. சாயங்காலம் புஷ்பம் போன்ல அழுதா. "இப்போ படுத்துத் தூங்குறாருக்கா"ன்னா. நானும் அழுதுட்டேன், சொல்றதுக்கு என்ன வெக்கம்?

அப்புறம் நடந்த கூத்தக் கேளுங்க. தகவல் இல்லன்னா கேட்ட மூடுங்கிற நடைமுறைய உருவாக்குனதுக்கு மேனேஜருக்கு ஹெட்குவாட்டர்ஸ்ல பாராட்டு. மேடையேறிப் பேசுனாராம், கை தட்டுனாங்களாம். எனக்கு, அனுமதி இல்லாம புரோகிராம்ல கைய வச்சதுக்கு ஒரு எச்சரிக்கை. நான் எழுதின புரோகிராம்ல நான் கைய வச்சதுக்கு! சேகருக்கு ஒண்ணும் இல்ல, நல்ல வேளை, தூக்கிப் போடாம விட்டாங்க.

காலிக் கட்டம் கொஞ்ச காலம் இருந்துச்சு. அப்புறம் எல்லாத்தையும் சிரம்பானுக்கு மாத்துனாங்க, நானும் ரிட்டையர் ஆனேன். புது ஸ்கிரீன், புது ஆளுங்க. காலிக் கட்டம் பாக்க நல்லா இல்லன்னு மறுபடி எவனோ பழைய நம்பரக் கொண்டு வந்தான். மொதல்ல சாம்பல் கலர்ல இருந்துச்சாம். சாம்பல் மங்கலா தெரியுதுன்னு பச்சையா மாத்திட்டீங்களாம். வாழ்த்துகள்.

இப்போ அந்தப் போனச் சொல்றேன். பண்ணது புஷ்பம்.

"அக்கா, வேன் வருமான்னு சிரம்பான் ஆபீஸுக்குப் போன் பண்ணேன். ஒரு தம்பி எடுத்தாரு. பச்சையா இருக்கு ஆன்ட்டி, நோ புரோப்ளம்லான்னாரு. இருந்தாலும் மனசு கேக்கலக்கா. நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்றீங்களா?"

கீரைக்கட்ட அப்படியே வச்சுட்டு, என் போன்ல இன்னும் வச்சிருக்கிற பழைய புரோகிராம ஓட விட்டேன். காலிக் கட்டம். கம்பம் முந்தின நாள் சாயங்காலத்துலேருந்தே பேசல. "புஷ்பம், வேனுக்குக் காத்திருக்காத. சேகரக் கூப்பிடு, இப்பவே கெளம்பு"ன்னேன். புஷ்பமும் ரத்னமும் சீக்கிரமாவே போயி, சென்டர் வாசல்ல பெஞ்சில உக்காந்திருந்தாங்க. அவங்க போன கொஞ்ச நேரத்துலயே பள்ளம் முங்கிருச்சுன்னு சேகர் சொன்னான்.

அந்த நோ புரோப்ளம்லா தம்பி யாருன்னு எனக்குத் தெரியும். பேரு போடல. இதப் படிக்கும்போது காது சூடாகுதுல்ல, அது போதும். தம்பி, நீ பொய் சொல்லல. ஸ்கிரீன் காட்டினத அப்படியே சொன்ன. அது எப்போ வந்த நம்பருன்னு பாக்க உனக்கு ஒரு விரல் அசைக்கச் சோம்பல், அவ்வளவுதான். அந்தச் சோம்பலுக்கு வெல, அங்க ஒரு மனுஷனோட மூச்சு.

வர்ற புதன்கிழமை அமாவாசை ஏத்தம். அன்னிக்கு ரத்னத்துக்கு முறை. புஷ்பம் உங்களுக்குப் போன் பண்ணுவா. பச்சையா சிவப்பான்னு அவகிட்ட சொல்லாதீங்க. கம்பம் கடைசியா எப்போ பேசுச்சுன்னு பாருங்க. பேசலன்னா, "எங்களுக்குத் தெரியல, நீங்க இப்பவே கெளம்புங்க"ன்னு சொல்லுங்க. தெரியலன்னு சொல்ல வாய் வரலன்னா வேற வேல பாருங்க, சிரம்பான்ல கடைக்கா பஞ்சம்?

நீங்க சொல்றத நம்பாம அவ இன்னும் எனக்குத்தான் அடுத்த போன் பண்றா. நானும் எடுக்கிறேன், சமைச்சுக்கிட்டு இருந்தாலும் எடுக்கிறேன். ஆனா எனக்கும் வயசாகுது. ஒரு நாள் அவ கூப்பிடுவா, நான் எடுக்கமாட்டேன். அன்னிக்கு அவளுக்கு நீங்க சொல்றது மட்டும்தான் இருக்கும்.